ராசநாகத்துக்கு ஒரு மாப்பிள்ளை

என் பெரியப்பா நல்லதம்பி ராசநாகத்தைப் பிடித்த கதையை ஏலப்பாறையில் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். அவரே சொன்னால் அதில் ஒரு மல்யுத்தம் உண்டு. நடந்தது இவ்வளவுதான். ஐப்பசி மழையின் குளிர் தாங்காமல் அந்தப் பாம்பு, தேயிலை பாக்டரித் தாழ்வாரத்தில் கிடந்த காலிப் பெட்டி ஒன்றுக்குள் தானாகப் போய்ச் சுருண்டுகொண்டது. பெரியப்பா மூடியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கப் பயமாக இருந்ததால் மத்தியானக் கஞ்சியையும் அங்கேயே வரவழைத்துக் குடித்தார். வீரம் என்பது சில சமயம் எழுந்திருக்க முடியாத நிலைதான்.

அதுவரை அவர் தோட்டத்தில் ஒரு சின்னக் கங்காணி. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒரு இருபது பேரைக் காலையில் மலைக்கு ஓட்டிப் போய், சாயங்காலம் திரும்ப ஓட்டி வருபவர். துரைக்கு அவர் பெயர் தெரியாது. பாம்பு வந்த பிறகு தெரிந்தது. பங்களாவில் கழற்றிப் போட்டிருந்த ஜன்னல் கண்ணாடிகளைத் துரையே கொடுத்தார். ஆசாரி அவற்றை வைத்து ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு பெட்டி செய்தார். பாம்பு இரண்டு ஆள் நீளம்.

“அது சுருண்டுதானல படுக்கும்” என்றார் பெரியப்பா. “நீட்டிப் படுத்து அதுக்கு என்ன ஆகணும்?”

பெட்டி, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பெரியப்பா வீட்டின் முன்னறையில் வந்து உட்கார்ந்தது. பீருமேட்டிலிருந்தும் குமுளியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். துரை தன் விருந்தாளிகளைக் கூட்டி வந்தார். ஒரு வெள்ளைக்காரம்மாள் கண்ணாடியைக் குடைக் காம்பால் தட்டிப் பார்த்தாள். பெண்கள் சூடம் காட்டினார்கள், கண்ணாடியில் குங்குமம் வைத்தார்கள். பெரியப்பா தினமும் காலையில் தன் தோள் துண்டால் அந்தக் குங்குமத்தைத் துடைத்துக் கண்ணாடியைப் பளபளவென்று வைப்பார். தன் முகத்தைக்கூட அவர் அப்படித் துடைத்துப் பார்த்ததில்லை என்று பெரியம்மா சொல்வாள்.

பங்குனியில் கல்லூரி விடுமுறைக்கு நான் மலையேறி வந்தபோது, பாம்புக்கு நல்ல பெயர் இருந்தது. சாப்பாடுதான் இல்லை. பிடித்த நாளிலிருந்து அது ஒன்றும் தின்றிருக்கவில்லை.

கொடுக்காமல் இல்லை. பால் வைத்தார்கள். முட்டை வைத்தார்கள். சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். எலி ஒன்றைக்கூட உள்ளே விட்டார்கள். எலி பொங்கலைத் தின்றுவிட்டு, பாம்பின் மேலேயே தூங்கியது.

“வெள்ளிக்கிழமை விரதம்” என்றார்கள் முதலில். சனிக்கிழமையும் தின்னாதபோது, அது சஷ்டி வரை போகும் என்றார்கள். பாக்டரியில் கொழுந்து உலர்த்தும் சூசையப்பன் அண்ணன் பக்கத்து வீடு. அவருக்கு வேறு கருத்து இருந்தது.

“தவக்காலம் தம்பி. அதுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்க சாமியாரே ராத்திரி ஒரு கஞ்சி குடிப்பாரு, இது அதுவும் இல்ல.”

ஈஸ்டர் வந்து போயிற்று. சூசையப்பன் அண்ணன் வீட்டில் ஆட்டுக்கறி வெந்தது. பாம்பு அசையவில்லை. அண்ணன் என்னிடம் வந்து, “இது நம்ம ஆளு இல்ல போல” என்று ஒப்புக்கொண்டார்.

நான் கல்லூரியில் தர்க்கம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லா மனிதரும் சாகிறவர்கள் என்று அதில் நிரூபித்திருந்தார்கள். ராசநாகம் என்ன தின்னும் என்று அதில் இல்லை.

இது வெறும் பாம்பின் பட்டினியாக இருந்திருந்தால் பெரியப்பா இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். இதில் அழகுத்தாய் அக்காவின் கல்யாணம் மாட்டியிருந்தது.

அழகுத்தாய் பெரியப்பாவின் ஒரே பெண். ஆனைக்கரையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சூளைக்கு நெருப்பு பார்க்கும் பழனிச்சாமிக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். கேட்டது பழனிச்சாமியின் தாயார் சுருளியம்மாள். கம்பம் பக்கத்துக்காரி. பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

“அண்ணே, உங்க வீட்டுல நாகம் வந்து உக்காந்திருக்கு. அந்த அதிர்ஷ்டத்துக்காகத்தான் வந்தேன். பொண்ணும் நல்லாத்தான் இருக்கு” என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டாள். “ஆனா ஒண்ணு. தாலி கட்டுற அன்னைக்கு நாகம் இந்த வீட்டுல உசுரோட இருக்கணும். நாகம் செத்த வீட்டுல நாங்க பொண்ணெடுக்க மாட்டோம். ஓடிப்போன வீட்டுலயும் எடுக்க மாட்டோம்.”

கல்யாணம் வைகாசியில். பாம்பு பங்குனியிலேயே கயிறு மாதிரி ஆகியிருந்தது. முதுகெலும்பு ஓட்டுக் கூரையின் முகடு போலத் துருத்திக்கொண்டு நின்றது. பெரியப்பா பெண்ணின் முகத்தைப் பார்ப்பதை விட்டுப் பாம்பின் விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா மலையிலிருந்து வந்ததும் கூடையை இறக்கிவிட்டு, கைகாலைக் கழுவிக்கொண்டு பெட்டி முன்னால் வந்து உட்காருவாள். கும்பிட மாட்டாள். கண்ணாடியைத் தட்ட மாட்டாள். சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“என்னக்கா அப்படிப் பாக்க?”

“ஒண்ணுமில்லல. ஊரே வந்து இதப் பாக்காவ. இது ஒருத்தரையும் பாக்கல.”

பார்த்தேன். அது உண்மைதான். அதன் கண் திறந்தே இருந்தது, ஆனால் எங்களுக்கு அப்பால் எங்கோ போயிருந்தது.

“என்னப் பாக்க வந்த அன்னைக்கு நானும் இப்படித்தான் உக்காந்திருந்தேன்” என்றாள். “பால் கிண்ணம்தான் வைக்கல.”

“மாப்பிள்ள எப்படி?”

“யாருக்குத் தெரியும்? அவிய அம்மா பேசுனாவ. அவரு பாம்பப் பாத்துக்கிட்டு இருந்தாரு.”

சித்திரை பிறந்த கையோடு சுருளியம்மாள் அத்தை, தன் மகன் பழனிச்சாமியுடன் வந்து பாம்பைப் பார்வையிட்டாள். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி பெட்டியைச் சுற்றி வந்தாள். பெரியப்பா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

“அண்ணே, இது விரதமும் இல்ல, நோவும் இல்ல. ஏக்கம்.”

“ஏக்கமா?”

“தொணை வேணாமா? ஒரு பொம்பளப்பிள்ளைய இப்படித் தனியாப் போட்டு வச்சா அது திங்குமா? நாகம் பொட்டை. சாரை ஆம்பளை. ஒரு சாரையப் பிடிச்சு ஜோடி சேத்து விடுங்க. மறுநாளே பாலக் குடிக்குதா இல்லையா பாருங்க.”

சாரைதான் ஆண், நாகம்தான் பெண் என்பதில் எங்கள் லயத்தில் இரண்டு கருத்து கிடையாது. சூசையப்பன் அண்ணன்கூட இதை மறுக்கவில்லை. வேதம் மாறினாலும் சாரை மாறுவதில்லை. பெரியப்பாவின் முகம் தெளிந்தது. பெட்டியைத் திறப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லா வழியையும் அவர் வரவேற்பார்.

சும்மா ஜோடி சேர்த்தால் போதாது, முறைப்படி செய்ய வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லாத நாள். சூசையப்பன் அண்ணன் அரிசி கோடவுனுக்குப் பின்னால் ஒரு சாரையைப் பிடித்தார். நல்ல வளர்த்தி, மஞ்சள் பூத்த உடம்பு, துடியான பார்வை.

“மாப்பிள்ள வீட்டுக்காரன் நான்தான்” என்று அறிவித்தார் அண்ணன். “மரியாதையெல்லாம் ஒழுங்கா நடக்கணும், கங்காணி.”

“என்ன மரியாதைல?”

“காப்பி முதல்ல வரட்டும்.”

பெண் வீட்டார் காப்பி கொடுத்தார்கள். சாக்கின் வாயில் மஞ்சள் துணி கட்டப்பட்டது. உறுமி மேளம் வந்தது. பழனிச்சாமி வெள்ளை வேட்டியில் அம்மாவின் பின்னால் நின்றார். அக்காவைப் புதுச்சேலை கட்டச் சொல்லிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். இரண்டு கல்யாணப் பெண்களையும் ஒரே பார்வையில் பார்க்க வசதியாக இருந்தது. மேல் மூடியை ஒரு கை அளவு நகர்த்தி, மூங்கில் கவையால் சாக்கைப் பிடித்துச் சாய்த்தார் அண்ணன். மாப்பிள்ளை தொப்பென்று உள்ளே விழுந்தார். மூடி சாத்தப்பட்டது. பெண்கள் குலவையிட்டார்கள்.

சாரை பெட்டியின் மூலைக்கு மூலை ஓடியது. மாப்பிள்ளைக்கு வெட்கம் என்றார்கள்.

ராசநாகம் தலையைத் தூக்கியது. இத்தனை மாதத்தில் முதல் தடவை. நாக்கு வெளியே வந்து வந்து போயிற்று. எங்கோ போயிருந்த கண் திரும்பி வந்து பெட்டிக்குள் இறங்கியது. அத்தை பெருமையோடு என்னைப் பார்த்தாள். நான் படித்தவன் என்பதால்.

அது பாய்ந்ததை நான் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. முதலில் அது அங்கே இருந்தது, பிறகு சாரையின் கழுத்து அதன் வாயில் இருந்தது.

“கட்டிப் பிடிச்சிருச்சு!” என்று ஒருத்தி கூவினாள். மேளக்காரர்கள் வேகம் கூட்டினார்கள். குலவை கூரையைத் தொட்டது. யாரோ பூ எறிந்தார்கள். கண்ணாடியில் பட்டு விழுந்தது.

சாரை அதன் உடம்பைச் சுற்றி முறுக்கியது, அவிழ்ந்தது, மறுபடி முறுக்கியது. நாகம் விடவில்லை. அவசரமும் படவில்லை. கொஞ்ச நேரத்தில் சாரையின் முறுக்குத் தளர்ந்தது. நாகம் வாயை மெல்ல மெல்ல நகர்த்தித் தலைப்பக்கம் கொண்டுபோயிற்று. தாடை விரிந்தது. மாப்பிள்ளையின் முகம் உள்ளே போனபோதுதான் உறுமிக்காரர் கையை நிறுத்தினார்.

பாதிப்பேர் வெளியே ஓடினார்கள். சிலர் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். நான் போகவில்லை. தைரியத்தால் அல்ல, கால் வரவில்லை. அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். பழனிச்சாமி மட்டும் கூட்டம் விலகிய இடத்தில் முன்னால் வந்து, வெள்ளை வேட்டியோடு தரையில் உட்கார்ந்தார்.

எங்கள் மூவருக்கும் முன்னால் அது தின்றது. ஒரு பக்கத் தாடை முன்னே போய்ப் பிடிக்கும், மறுபக்கத் தாடை பின்னால் வரும். கை இல்லாத ஒன்று கை வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்ய முடியும் என்று நான் நினைத்ததில்லை. தொண்டையிலிருந்து ஓர் அலை எழுந்து உடம்பு முழுவதும் போய் அடங்கும். பிறகு இன்னொன்று. சுருங்கிக் கிடந்த தோல் மடிப்பு மடிப்பாக விரிந்து, செதில்களுக்கு நடுவே வெளுத்த பட்டைகள் தெரிந்தன. அவ்வளவு நாளும் கயிறாகக் கிடந்தது எங்கள் கண் முன்னாலேயே பாம்பானது. அதில் கோபமில்லை, பக்தியில்லை, ஏக்கமில்லை. எங்களிடமிருந்து நாங்கள் அதற்குக் கொடுத்திருந்த எதுவும் அதில் இல்லை. பசி இருந்தது. அதற்கு வேண்டியது கடைசியில் கிடைத்திருந்தது. சாரையைப் பற்றி நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

வால் நுனியும் உள்ளே போனபோது நாகம் தாடையை ஒருமுறை அகல விரித்து, இப்படியும் அப்படியும் அசைத்துச் சரிசெய்துகொண்டது. சாப்பிட்ட பின் எங்கள் தோட்டத்துப் பெரிய கிளார்க்கும் அப்படித்தான் செய்வார்.

“போச்சு” என்றார் பெரியப்பா. சுவரோடு சாய்ந்திருந்தார். பெண் மாப்பிள்ளையை விழுங்கிய வீட்டில் யார் சம்பந்தம் செய்வார்கள்?

சுருளியம்மாள் அத்தை வாசலில் வெளுத்துப் போய் நின்றாள். நாங்கள் எல்லோரும் அவள் வாயைப் பார்த்தோம். அவள் உள்ளே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். சட்டென்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

“ஏத்துக்கிருச்சு! பலிய ஏத்துக்கிருச்சு! அண்ணே, இத்தனை நாள் பால வச்சு தெய்வத்த ஏமாத்தியிருக்கீக. அது பலி கேட்டிருக்கு!”

ஒரு நொடியில் கல்யாணம் கோயில் கொடையாகிவிட்டது. ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். உறுமி மறுபடி முழங்கியது. தான் வாரத்துக்கு ஒரு சாரை பிடித்துத் தருவதாகச் சூசையப்பன் அண்ணன் சொன்னார். அடுத்த ஞாயிறு தன் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு, சாரையோடு வருவதாக அத்தை சொன்னாள். வைகாசியில் தாலி கட்டும் முன் சபையோர் எல்லோரும் பார்க்க நாகம் ஒரு சாரையை விழுங்க வேண்டும். அப்போதுதான் சம்பந்தத்துக்குச் சிறப்பு.

பெரியப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் அவர் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

“அப்பா” என்றாள் அக்கா. “அத விட்டிருங்க.”

“ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? அது என்ன திங்கும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கு. இனிமே அது சாவாது. ஒங் கல்யாணமும் நிக்காது.”

“இந்த வீட்டுக்கு வந்து இன்னைக்குத்தான் அது பாம்பா இருந்துச்சு. அதுவும் கொஞ்ச நேரம். எல்லாரும் கொட்டடிச்சீங்க.”

“அதுக்கு?”

“அதுக்கு ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். பெரியப்பா என்னைப் பார்த்தார். “லே குருசாமி, நீ படிச்சவன். தெரியாம பட்டினி போட்டா தப்பு. தெரிஞ்சு தீனி போட்டா என்னல தப்பு?”

தர்க்கத்தில் அது சரியாகத்தான் இருந்தது.

அந்த வாரம் முழுதும் பாம்பு நல்ல வயிற்றோடு கிடந்தது. கிடந்தது என்று சொல்வது சரியில்லை. தின்றபின் அதற்குத் தெம்பு வந்திருந்தது. உடம்பைத் தளர நீட்டப் பார்த்தது. பெட்டி முடிந்துவிட்டது. திரும்பி மறுபக்கம் நீட்டப் பார்த்தது. அங்கேயும் பெட்டி முடிந்துவிட்டது. பட்டினியாக இருந்தவரை அந்தப் பெட்டி அதற்குப் போதுமானதாக எங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வியாழக்கிழமை காலை பெரியப்பா வழக்கம்போலத் துண்டை எடுத்துக்கொண்டு கண்ணாடி துடைத்தார். ஞாயிற்றுக்கிழமைக் குங்குமமும் சந்தனமும் அப்பிக் கிடந்தன. எல்லாம் போயிற்று. மூலையில் கீழாக ஒரு சிவப்பு மட்டும் போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். நகத்தால் சுரண்டினார். துண்டின் நுனியைச் சுண்ணாம்பில் தொட்டுத் தேய்த்தார். அது அப்படியே இருந்தது.

அப்போது பாம்பு ஊர்ந்து வந்து, அந்த மூலையில் தன் மூக்கை வைத்து அழுத்தியது. அழுத்தியபடியே மேலும் கீழும் தேய்த்தது. விலகியபோது சிவப்பு கொஞ்சம் புதிதாகியிருந்தது.

பெரியப்பா துண்டும் கையுமாக அப்படியே உட்கார்ந்திருந்தார். மலைக்குப் போகும் சங்கு ஊதியது. பெண்கள் வாசலில் வந்து, “கங்காணியார் வரலையா?” என்று கேட்டார்கள். பெரியப்பா என்னைப் பார்த்து, அடிக்குரலில், “உள் பக்கம்ல” என்றார். “நான் வெளிய தொடைக்கேன். அது உள் பக்கம் இருந்திருக்கு.” எத்தனை மாதமாக என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வரும்போது, பெட்டிக்கு அடியில் இரண்டு மூங்கில்களைக் கொடுத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தோம். அவள் பின்னால் சொந்தபந்தம் ஒரு பெருங்கூட்டம். பழனிச்சாமியின் தோளில் ஒரு சாக்கு. உள்ளே ஏதோ நெளிந்தது.

“என்னண்ணே, எடம் மாத்துறீகளா?”

“ஆமா தங்கச்சி. ஓடைக்கு அங்கிட்டு, காட்டுக்கு.”

அத்தைக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் சொந்தக்காரர்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் ஆனைக்கரையிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள்.

“நான் என்ன சொன்னேன்? நாகம் இருந்தாத்தானே சம்பந்தம்னேன்?”

“சொன்னீங்க.”

“பொண்ண வீட்டோட வச்சுக்கப் போறீகளா?”

பெரியப்பா அக்காவைப் பார்த்தார். பாம்பு வந்த நாளிலிருந்து அவர் அவளை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள், தலை தூக்கவில்லை.

“அது வந்த கணக்கு வேற, தங்கச்சி. எம் மக கணக்கு வேற” என்றார். கை கயிற்றை விடவில்லை.

“அப்ப கல்யாணத்தன்னைக்கு சபைக்கு என்னத்தக் காட்டுவீக?”

“பொண்ணக் காட்டுவோம்.”

“என்னையும் காட்ட வேண்டாம்” என்றாள் அக்கா, முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். “வாறவுகளுக்குச் சாப்பாடு போடுங்க, போதும்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தூக்க நான்கு பேர் வேண்டும். பெரியப்பா, சூசையப்பன் அண்ணன், நான். மூன்று மூலைக்குத்தான் ஆள் இருந்தது. லயத்தில் மற்ற ஆண்களுக்கு அந்த நேரம் பார்த்து வேறு வேலைகள் வந்திருந்தன. பழனிச்சாமி சாக்கை ஒரு மரக்கிளையில் மாட்டிவிட்டு வந்து நான்காவது மூங்கில் முனையைத் தோளில் வைத்தார்.

“ஏலேய், பழனி!” என்றாள் அத்தை.

“இரும்மா, கனமா இருக்கு” என்றார் அவர்.

சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, ஈற்றை என்னும் நாணல் மூங்கில் காட்டின் ஓரத்தில் இறக்கி வைத்தோம். பெரியப்பா எங்களை எல்லாம் விலகச் சொல்லிவிட்டு, நீளக் கழியால் மூடியைத் தள்ளினார். தள்ளிவிட்டு ஓடிவந்தார். மல்யுத்தம் ஒன்றும் நடக்கவில்லை.

பாம்பு தலையை மட்டும் விளிம்பில் வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு இறங்க ஆரம்பித்தது. இறங்கிக்கொண்டே இருந்தது. அது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. தலை ஈற்றைக்குள் போய் மறைந்தபோதும் வால் பெட்டிக்குள் இருந்தது. முதன்முதலாக நான் அதை முழுதாகப் பார்த்தேன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இல்லாமல் போயிற்று. எங்களில் யாரையும் அது திரும்பிப் பார்க்கவில்லை. பெரியப்பா கொஞ்சம் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். ஈற்றை இலைகள் ஒரு பாதை போல அசைந்து அசைந்து, மேலே போய் அடங்கின.

“சாக்குல இருக்குறதையும் விட்டிருங்க” என்றாள் அக்கா. யாரிடம் சொல்கிறாள் என்று எங்களுக்குத் தெரிந்தது.

“விட்டுர்றேன்” என்றார் பழனிச்சாமி. “ஆனா இந்தப் பக்கம் வேணாம். கோடவுன் பக்கம் விடுறேன். இங்க விட்டா இன்னொரு கல்யாணம் ஆயிரும்.”

அக்கா சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். பெரியப்பா அவசரமாகக் கழியைக் கழுவப் போய்விட்டார்.

மேலே, ஓடைக்கு அந்தப் பக்கம், சுருளியம்மாள் அத்தை சொந்தக்காரர்களைத் திருப்பிக்கொண்டு புறப்பட்டிருந்தாள். நான்கைந்து அடி போய் நின்று கூப்பிட்டாள்.

“ஏலேய் பழனி, வாரியா இல்லையா?”

“நீ போம்மா” என்று பழனிச்சாமி இங்கிருந்தே கத்தினார். “பெட்டியத் திருப்பிக் கொண்டுபோகணும். ஆள் பத்தாது.”

அத்தை அங்கேயே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பாறையில் உட்கார்ந்தாள்.

காலிப் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் போதும். அதை அவரிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை.